அடைக்கலத்திற்குக் காலவரை உண்டோ?

முன்னுரை

அஞ்சி வந்தவரை 'அஞ்சற்க' என்று ஏற்பது அறம். அவ்வாறு ஏற்றது எத்தனை நாளைக்கு என்று கேட்பது வழக்குமன்றம். அறநூல்கள் முன்னதைப் பற்றி நிரம்பப் பேசின. பின்னதைப் பற்றியும் பேசியாக வேண்டிய கட்டாயம் இன்றைய சட்டங்களுக்கு நேர்ந்திருக்கின்றது.

வன்முறைக்கு ஆளான ஒருவர் நீதிமன்றத்தை நாடுகின்றார். எதிர்த்தரப்பினரை அழைத்து உசாவி முடிக்கும் வரை அவர் உயிரும் உடைமையும் காத்திருக்கமாட்டா. ஆகவே, 'இவரை அணுகக்கூடாது. இவர் இருக்கும் இடத்தில் நுழையக்கூடாது. தொலைபேசி வாயிலாகவும் தொடர்பு கொள்ளக்கூடாது' என்று, ஒரு தரப்பை மட்டும் கேட்ட நிலையிலேயே நடுவர் ஆணையிடுகின்றார். இதனையே அவசரப் பாதுகாப்பு ஆணை என்கிறோம். இவ்வாணை ஏழு நாள் செல்லுமா, ஓராண்டு செல்லுமா, அன்றி வரையறையே இன்றிச் செல்லுமா என்பது உலகின் பல நாடுகளில் சட்டம் இயற்றுவோரை எதிர்கொள்ளும் வினா. குறுகிய காலம் எனின் அடைக்கலம் புகுந்தவர் நடுத்தெருவில் விடப்படுவார். நெடிய காலம் எனின் தம் சொல்லைச் சொல்லவே வாய்ப்புப் பெறாத ஒருவர் தம் வீட்டினின்றும் விலக்கி வைக்கப்படுவார். இருபுறமும் அநீதி நேரக்கூடும் என்பதனால்தான் இவ்வினா எளிய விடைக்கு அடங்காமல் நிற்கின்றது.

தமிழ்த்துறை மலரில் இவ்வினாவுக்கு இடம் ஏது எனச் சிலர் ஐயுறலாம். அடைக்கலம் என்பது தமிழ் இலக்கியத்தின் பழம்பொருள். இஸ்லாமிய வாழ்வியலிலும் அது தலையாய பொருள். இவ்விரு மரபுகளும் இவ்வினாவுக்கு என்ன விடை வைத்திருக்கின்றன என்பதை முதற்கண் நோக்கி, பின் அவ்விடையை இன்றைய சட்டங்களோடு பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு சொல், இரு பொருள்

தமிழில் 'அடைக்கலம்' என்னும் சொல் இரு பொருளில் வழங்குகின்றது. புகலிடம் என்பது ஒன்று. காத்துத் தருமாறு ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள் என்பது மற்றொன்று. 'அவர் அடைக்கலம் புகுந்தார்' என்பதில் முதற்பொருளும், 'இது அவர் வைத்துச் சென்ற அடைக்கலம்' என்பதில் இரண்டாம் பொருளும் விளங்குகின்றன.

அரபு மொழியிலும் இத்தகைய உறவைக் காண்கின்றோம். அச்சமின்மை அளிக்கும் உறுதிமொழி 'அமான்'. நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள் 'அமானத்'. இரண்டும் ஒரே வேரினின்று கிளைத்தவை. 'ஈமான்' என்னும் சொல்லும் அவ்வேரிலிருந்து வந்ததே. தொடர்பற்ற இருவேறு மொழிக் குடும்பங்கள், புகல் தேடி வந்த மனிதரையும் நம்பி வைத்த பொருளையும் ஒரே கண்கொண்டு நோக்கியிருப்பது எண்ணி மகிழத்தக்கது.

இந்த ஒப்புமை நம் வினாவுக்கு ஒரு திறவுகோல் தருகின்றது. அமானத்தாக வைத்த பொருளை, 'குறித்த நாள் கடந்துவிட்டது' என்று சொல்லித் திண்ணையில் எறிந்துவிட எவருக்கும் உரிமை இல்லை. உரியவர் கையில் பழுதின்றிச் சேர்த்தபோதுதான் காத்தவரின் கடமை முடிகின்றது. பொருளுக்கே இந்நெறி எனின், உயிருக்கு எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

சிலம்பு கூறும் இரு பாடங்கள்

சிலப்பதிகாரத்தில் 'அடைக்கலக் காதை' என்றே ஒரு காதை அமைந்துள்ளது. மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர் முதுமகள் மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கின்றார். மாதரி தன் கடமையில் சிறிதும் குறைவைக்கவில்லை. தனி மனை தந்தாள். தன் மகள் ஐயையைத் துணையாக வைத்தாள். அம்மனையில் இருந்த வரை கண்ணகிக்கும் கோவலனுக்கும் ஒரு தீங்கும் நேரவில்லை. சிலம்பு விற்கக் கோவலன் அம்மனையை விட்டு நகரத் தெருவில் நடந்தபோதுதான் கேடு சூழ்ந்தது. அடைக்கலம் மனையோடு நின்றுவிட்டது. மனிதனோடு தெருவுக்கு வரவில்லை.

இன்றைய ஆணைகளுக்கும் இது பொருந்தும். வீட்டு வாயிலில் மட்டும் காக்கும் ஆணை, பணியிடத்திற்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் பேருந்து நிலையத்திற்கும் செல்லும் வழியில் காவாதாயின் அது பாதிக் காவலே.

மாதரியின் முடிவையும் ஈண்டு நினைவுகொள்ளல் வேண்டும். அடைக்கலப் பொருளை இழந்தேனே என்னும் துயர் தாங்காது அவள் தீப்பாய்ந்தாள் என்பதை நீர்ப்படைக் காதை வாயிலாக அறிகிறோம். கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார். கோவலன் கொலையில் இவர்கள் இருவருக்கும் குற்றம் சிறிதும் இல்லை. எனினும், ஏற்றுக்கொண்ட பொறுப்பு இன்னும் தம்மிடமே இருந்தது என்று அவர்கள் கருதினர். தம் பங்கு முடிந்துவிட்டது என்று அவர்கள் நாட்கணக்குச் சொல்லவில்லை.

இரண்டாம் பாடம் பாண்டியன் அவையில் உள்ளது. பொற்கொல்லன் ஒருவன் சொல்லை மட்டும் கேட்டு, எதிர்த்தரப்பை அழைத்து உசாவாமல் மன்னன் கொலைக்கு ஆணையிட்டான். பின்னர்க் கண்ணகி அவை புகுந்து வழக்குரைத்தபோது உண்மை வெளிப்பட்டது. உண்மை வெளிப்பட்டும் பயனில்லை. போன உயிர் மீளவில்லை. ஒரு தரப்பை மட்டும் கேட்டுப் பிறப்பிக்கும் ஆணையில் உள்ள பேரிடர் இதுவே.

இவ்விரு பாடங்களையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு வேறுபாடு புலனாகும். ஒரு தரப்பைக் கேட்டுத் தண்டிப்பது வேறு. ஒரு தரப்பைக் கேட்டுக் காப்பது வேறு. தண்டித்தது தவறாயின் திருத்த இயலாது. காத்தது தவறாயின் மறுநாளே திருத்தலாம். ஆகவே அவசர ஆணை காவலாக இருக்கும் வரை அதற்கு ஒரு தரப்பின் சொல் போதும். அது தண்டனையின் சாயலைப் பெறத் தொடங்கும்போது மறு தரப்பின் சொல்லைக் கேட்டாக வேண்டும்.

கபிலர் நடந்த வழி

பறம்பின் தலைவன் பாரி இறந்தபின் அவன் மகளிர் இருவரையும் காக்கும் பொறுப்பு கபிலர்பால் வந்து சேர்ந்தது. அவர் அம்மகளிரை விச்சிக்கோனிடம் அழைத்துச் சென்றார்; அவன் ஏற்கவில்லை. இருங்கோவேளிடம் சென்றார், அவனும் ஏற்கவில்லை. இறுதியில் அவர்களைப் பார்ப்பார்பால் ஒப்படைத்த பின்னரே அப்புலவர் வடக்கிருந்து உயிர் துறக்கத் துணிந்தார் என்பதைப் புறநானூற்றுக் குறிப்புகளால் அறிகின்றோம்.

நண்பன் இறந்த துயரில் அன்றே உயிர்விட எண்ணும் அன்பு அவருக்கு இருந்தது. எனினும் அவ்வாறு செய்யவில்லை. ஒரு கதவு அடைபட்டபோது அடுத்த கதவைத் தட்டினார். கையில் இருந்த அடைக்கலத்தை ஏற்கும் மற்றொரு கை கிடைக்கும் வரை தம் கையை எடுக்கவில்லை. காவலின் கால அளவு குறித்துத் தமிழ் மரபு தரும் விடை இவ்வொழுக்கத்திலேயே அடங்கியுள்ளது எனலாம்.

திருக்குர்ஆன் காட்டும் அளவு

திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயமாகிய அத்தவ்பாவில், சில வசனங்களுக்குள்ளேயே இருவகைக் கால அளவுகள் இடம்பெறுவது நுணுகி நோக்கற்குரியது. உடன்படிக்கை செய்திருந்த இணைவைப்போர் பூமியில் தடையின்றிச் செல்ல நான்கு மாதத் தவணை தரப்பட்டதை அதன் இரண்டாம் வசனம் கூறுகின்றது. இது நாட்காட்டி அளவு. ஆறாம் வசனமோ, அவர்களுள் எவரேனும் அடைக்கலம் கேட்டு வந்தால் அடைக்கலம் அளிக்கவும், அவர் இறைவசனத்தைச் செவியுறச் செய்யவும், பின்னர் அவரை அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் சேர்ப்பிக்கவும் பணிக்கின்றது. இங்கே நாளும் இல்லை, மாதமும் இல்லை. 'மஃமன்' எனப்படும் அச்சமற்ற இடத்தை அடைவதே எல்லை. பொது ஒழுங்கிற்கு நாட்கணக்கும், தனி மனிதரின் புகலுக்குச் சேருமிடக் கணக்கும் அமைந்திருப்பதை அறிகின்றோம். அடைக்கலம் கேட்டவர் மாற்றுக் கொள்கையர், போர்ச் சூழலில் வந்தவர் என்பதையும் எண்ணினால் இந்நெறியின் பெருமை விளங்கும்.

இத்தகைய அளவு திருமணமுறிவுச் சட்டத்திலும் உண்டு. மணவிலக்குப் பெற்ற பெண்களை இத்தாக் காலத்தில் இல்லத்தினின்று வெளியேற்றலாகாது என்பது அத்தலாக் அத்தியாயத்தின் கட்டளை. கருவுற்ற பெண்ணுக்கு அக்காலம் மகப்பேறு வரை என்று அதே அத்தியாயம் வரையறுக்கின்றது. நாளை எண்ணாமல் நிலையை எண்ணும் முறை இது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்து நிகழ்ச்சிகள் மூன்றினை ஈண்டுக் காணலாம். முதலாவது, கி.பி. 615இல் மக்காவின் கொடுமைக்கு அஞ்சிய முஸ்லிம்கள் அபிசீனியாவில் புகலடைந்தது. அவர்களைத் திருப்பியனுப்புமாறு குறைஷியர் பரிசுப் பொருள்களுடன் தூதர்களை அனுப்பினர். தூதர் சொல்லை மட்டும் கேட்டு முடிவுசெய்ய மன்னர் நஜ்ஜாஷி மறுத்தார். புகலடைந்தோரையும் அவைக்கு அழைத்தார். ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் தம் தரப்பை எடுத்துரைத்தார்கள். இரு தரப்பையும் கேட்டபின் மன்னர் பரிசுகளைத் திருப்பித் தந்து அடைக்கலத்தை உறுதிசெய்தார். ஜஃபர் (ரலி) அவர்களும் உடனிருந்தோரும் கி.பி. 628இல், கைபர் வெற்றியின்போதுதான் மதீனா வந்து சேர்ந்தனர். மக்காவை விட்டு 13 ஆண்டுகள் கடந்த பின்னும் அம்மன்னர், 'உங்கள் தவணை முடிந்தது' என்று சொல்லவில்லை. செல்வதற்குப் பாதுகாப்பான ஓர் ஊர் அவர்களுக்கு உருவானபோது அவர்களே விடைபெற்றனர். விசாரணை விரைவாக நடந்தது. காவல் நெடிதாக நின்றது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, கி.பி. 630இல் மக்கா வெற்றியின்போது உம்மு ஹானி (ரலி) அம்மையார் தம் கணவர் வழி உறவினருக்கு அடைக்கலம் அளித்தது. அம்மையாரின் உடன்பிறந்தாரான அலீ (ரலி) அவர்களே அதனை ஏற்கத் தயங்கியபோது, அம்மையார் அளித்த அடைக்கலம் யாவரும் அளித்த அடைக்கலமே என்று அண்ணலார் உறுதிப்படுத்தினார்கள். ஒருவர் முறையாக அளித்த காவல் எல்லாரையும் கட்டுப்படுத்தும் என்பது இதனால் விளங்குகின்றது.

மூன்றாவது, நம் உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் 'மானுக்குப் பிணை நின்ற படல'த்தில் பாடிய வரலாறு. வேடன் கட்டிவைத்த மான், தன் கன்றுக்குப் பாலூட்டி மீள விடை கேட்கின்றது. வேடனுக்கு அம்மான்மேல் உரிமை உண்டு. அவ்வுரிமையை அண்ணலார் மறுக்கவில்லை. தாமே பிணையாக நின்று, மானை விடுக்கச் செய்கின்றார்கள். மானும் சொன்னபடி மீள்கின்றது. ஓர் அவசர ஆணைக்கு இதனினும் தெளிவான உருவகம் அரிது. துன்புற்றவரின் தேவையே காலத்தை வரையறுக்கின்றது. மறு தரப்பின் உரிமையும் பிணையால் காக்கப்படுகின்றது.

இன்றைய சட்டங்களின் நிலை

இனி, இக்காலச் சட்டங்களை நோக்குவோம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் காவல் அலுவலர் இரவிலும் தொலைபேசி வழியாக நீதிபதியிடம் அவசர ஆணை பெறலாம். அவ்வாணை நீதிமன்ற வேலைநாள் ஐந்து, நாட்காட்டி நாள் ஏழு ஆகிய இரண்டில் எது முந்துகிறதோ அது வரை செல்லும். மலேசியாவில் 2017ஆம் ஆண்டுத் திருத்தம், சமூகநல அலுவலரே பிறப்பிக்கக்கூடிய அவசர ஆணையைக் கொண்டுவந்தது. அதற்கும் ஏழு நாள் அளவே தரப்பட்டது. இலங்கையின் 2005ஆம் ஆண்டுச் சட்டம், இடைக்கால ஆணை பிறப்பித்த 14 நாள்களுக்குள் விசாரணை தொடங்க வேண்டும் என்றும், விசாரணைக்குப் பின் தரப்படும் ஆணை 12 மாதத்திற்கு மேற்படலாகாது என்றும் வரையறுத்தது. இங்கிலாந்தின் 2010ஆம் ஆண்டுச் சட்டம் காவல்துறை அறிவிப்புக்கு 48 மணி நேரமும், அதனைத் தொடரும் நீதிமன்ற ஆணைக்கு 14 முதல் 28 நாளும் தந்தது. அந்நாடே 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைத்த புதிய வகை ஆணைக்கு அத்தகைய உச்ச வரம்பை வைக்கவில்லை. 28 நாளில் அச்சம் முடிந்துவிடுவதில்லை என்பதையே இம்மாற்றம் ஒப்புக்கொள்கின்றது.

நம் நாட்டில், 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் (2005) இவ்வகையில் தனிச்சிறப்புடையது. அதன் 23ஆம் பிரிவின்படி நடுவர் எதிர்த்தரப்பைக் கேளாமலேயே இடைக்கால ஆணை வழங்கலாம். 12ஆம் பிரிவின்படி முதல் விசாரணை நாள் பொதுவாக மூன்று நாளுக்குள் அமைய வேண்டும். முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் மனுவை முடிக்க முயல வேண்டும். 25ஆம் பிரிவோ, பாதுகாப்பு ஆணை, பாதிக்கப்பட்ட பெண் அதனை நீக்குமாறு வேண்டும் வரை நிலைக்கும் என்கின்றது. சூழ்நிலை மாறியிருப்பின் இரு தரப்பில் எவரும் மனுச்செய்யலாம். நடுவர் காரணம் எழுதி ஆணையை மாற்றலாம், நீக்கலாம். 27ஆம் பிரிவு இவ்வாணை இந்தியா முழுவதும் செல்லும் என்கின்றது. உம்மு ஹானி அம்மையாரின் வரலாறு காட்டும் நெறி, இப்பிரிவில் சட்ட வடிவம் பெற்றிருப்பதாகவே நமக்குத் தோன்றுகின்றது.

நாள்களின் நெருக்கடியை இச்சட்டம் நீதிமன்றத்தின் மேல் வைத்தது. பாதிக்கப்பட்டவரின் மேல் வைக்கவில்லை. இதுவே இதன் நுட்பம். விரைந்து கேட்பது மன்றத்தின் கடமை. மன்றம் தாமதித்தால் அதன் விளைவை அடைக்கலம் புகுந்தவர் சுமப்பதில்லை.

இச்சட்டம் எல்லாச் சமயப் பெண்களுக்கும் பொதுவானது என்பதை நம் மாணவியர் அறிதல் வேண்டும். பின்னர் மணவிலக்கு நிகழ்ந்துவிட்டது என்பதனாலேயே முன் நடந்த வன்முறைக்கான உரிமைகள் அழிந்துவிடா என்பதை, முஸ்லிம் பெண்மணி ஒருவரின் வழக்கில் 2014ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது.

குடும்பத்திற்கு வெளியே நிகழும் குற்றங்களில் நிலைமை வேறு. 2018 டிசம்பர் 5 அன்று உச்சநீதிமன்றம் ஏற்றுச் செயற்படுத்தப் பணித்த சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம், சாட்சி சொல்ல முன்வரும் பாதிக்கப்பட்டோருக்கும் உரியது. அதன்கீழ்த் தரப்படும் காவல், ஒரு முறைக்கு மூன்று மாதத்திற்கு மேற்படலாகாது. அச்சுறுத்தல் எவ்வளவு என்பதைக் காவல்துறை ஆய்ந்து அறிக்கை தரும். தேவைப்படின் காவல் மீண்டும் தரப்படும். தம் விருப்பத்தால் மணந்து உயிருக்கு அஞ்சும் இணையருக்கான காப்பிடத்தில் முதலில் ஒரு மாதமும், பின் மாதந்தோறும் நீட்டித்து மொத்தம் ஓராண்டு வரையும் இடந்தரலாம் என்று 2018 மார்ச்சில் அதே நீதிமன்றம் வழிகாட்டியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 15-அ பிரிவோ, மாதக் கணக்குச் சொல்லாமல், அளிக்கப்படும் பாதுகாப்பைச் சிறப்பு நீதிமன்றம் அவ்வப்போது மறு ஆய்வு செய்ய வேண்டும் என்கின்றது.

குறுங்காலம் வேண்டுவோர் கூற்று

அவசர ஆணை குறுகியதாகவே இருத்தல் வேண்டும் என்பாரின் கூற்றை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. 'ஒருவர் தம் சொந்த வீட்டினின்றும் பிள்ளைகளிடமிருந்தும் விலக்கப்படுகின்றார். அவர் சொல்லை எவரும் கேட்கவில்லை. புகார் பொய்யாயின் அவருக்கு யார் ஈடு செய்வார்?' என்பது அவர்தம் வினா. நஜ்ஜாஷி மன்னரின் அவையும் பாண்டியன் அவையும் இவ்வினாவின் நியாயத்தையே உணர்த்துகின்றன.

எனினும் இக்கூற்று வேண்டுவது யாது? விரைவான விசாரணையை. அதனைத் தருவதற்கு ஆணையை வீழ்த்த வேண்டுவதில்லை. விசாரணையை விரைவுபடுத்த வேண்டும். ஏழாம் நாள் ஆணை தானே முடியும் என்று வைத்தால், அந்நாளில் எதிர்த்தரப்பின் நியாயம் கேட்கப்பட்டதா? இல்லை. பாதிக்கப்பட்டவரின் அச்சம் நீங்கியதா? அதுவும் இல்லை. எவர் சொல்லையும் கேளாமல் நாட்காட்டி ஒன்றே தீர்ப்புக் கூறிவிடுகின்றது. மருத்துவமனையில் கிடப்பவரும், கைக்குழந்தையோடு வேற்றூர் உறவினர் இல்லத்தில் ஒதுங்கியிருப்பவரும், விடுமுறை நாள் குறுக்கிட்டதனால் மனு அளிக்க இயலாதவரும் அந்நாளில் காவலை இழப்பர். ஆணை முடியும் நாள் எது என்பதை எதிர்த்தரப்பினரும் எண்ணிக்கொண்டிருப்பார் என்பதை மறத்தலாகாது.

இதற்கு அண்மைய சான்று ஒன்று உண்டு. உரிமையியல், குற்றவியல் வழக்குகளில் வழங்கப்படும் இடைக்காலத் தடையாணைகள், நீட்டிக்கப்படாவிடின் ஆறு மாதத்தில் தாமே முடிவுறும் என்று 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றம் கூறியிருந்தது. தாமதத்தைத் தவிர்க்கும் நன்னோக்கமே அதன் அடிப்படை. ஆயினும் 2024 பிப்ரவரி 29 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அக்கருத்தை ஏற்க மறுத்தது. ஆணை பெற்றவரின் குறையின்றி, அவரைக் கேளாமல், காலம் கழிந்தது என்னும் ஒரே காரணத்தால் ஆணை வீழ்வது முறையன்று என்பது அதன் சாரம். சொத்து வழக்கிற்கும் பொருந்தும் இந்நெறி, உயிர் அச்சத்தோடு நிற்பவருக்கு இன்னும் ஆழமாகப் பொருந்துமன்றோ?

நாம் காணும் அளவு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், அவசரப் பாதுகாப்பு ஆணைக்கு ஒரே கால அளவு வைப்பதனால்தான் இடர்ப்பாடு நேர்கின்றது என்பது தெளிவாகும். மூன்று அளவுகள் வேண்டும் என்பது நம் கருத்து.

முதலாவது, எதிர்த்தரப்பைக் கேட்பதற்கான அளவு. இது மிகக் குறுகியதாக, நாள்களில் அமைதல் வேண்டும். குடும்ப வன்முறைச் சட்டம் கூறும் மூன்று நாள் நல்ல அளவு. அறிவிப்பைச் சேர்ப்பிக்க இரண்டு நாள் என்று அச்சட்டமே கூறுகின்றது. இவ்வளவுகள் ஏட்டில் நிற்காமல் நடைமுறையில் காக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, காவலின் அளவு. அடுத்த காவல் ஏற்படும் வரை முந்தைய காவல் விலகலாகாது. நிலையான ஆணை, மாற்று இல்லம், எதிர்த்தரப்பினர் மேல் விதித்த பிணை நிபந்தனை முதலிய ஏதேனும் ஒன்று அச்சத்தை ஏற்றுக்கொண்ட பின்னரே, அதுவும் காரணம் எழுதிய ஆணையால் மட்டுமே, அவசர ஆணை முடிவுறல் வேண்டும்.

மூன்றாவது, மறு ஆய்வின் அளவு. நெடுங்காலம் செல்லும் காவலை மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஆராய்வது இரு தரப்பிற்கும் நன்று. ஆராய்வதற்கு நாள் குறிக்கலாம். அந்நாளில் ஆணை தானே வீழும் என்று விதித்தலாகாது.

மேலும், ஆணையின் கூறுகளைப் பிரித்து நோக்குதலும் தேவை. 'அணுகாதே, அச்சுறுத்தாதே' என்னும் கட்டளை எதிர்த்தரப்பினர்மேல் ஏற்றும் சுமை சிறிது; அது நெடுநாள் செல்வதில் இழப்பில்லை. 'வீட்டை விட்டு வெளியேறு' என்னும் கட்டளையின் சுமை பெரிது. அதனை முதலில் ஆராய்தல் வேண்டும். பிள்ளைகளைக் காண்பதற்கு மூன்றாமவர் முன்னிலையில் வழி செய்யலாம். இவ்வாறு கூறுபோட்டு நோக்கினால், ஒரு தரப்பின் உயிரையும் மறு தரப்பின் உரிமையையும் எதிரெதிர்த் தட்டுகளில் நிறுத்த வேண்டிய தேவை பெரும்பாலும் குறைந்துவிடும்.

நம் கடமை

ஆணையின் ஆயுளைத் தாளில் எழுதுவது நடுவர். அதனை நடைமுறையில் நீட்டிப்பதும் குறைப்பதும் சுற்றத்தார். பெரியோர்கள் இதனைப் பொறுத்தருளிக் கேட்க வேண்டும். நீதிமன்றம் தந்த காவலை, 'குடும்ப மானம்' என்றும் 'முதலில் மனுவைத் திரும்பப் பெறு, பிறகு பேசுவோம்' என்றும் சொல்லி இரண்டாம் நாளே முடித்துவிடும் வழக்கம் நம் மஹல்லாக்களிலும் உண்டு, பிற சமுதாயங்களிலும் உண்டு. 25ஆம் பிரிவு ஆணையின் முடிவைப் பெண்ணின் விருப்பத்தில் வைத்திருக்கின்றது. அவ்விருப்பம் அவளுடையதாகவே இருத்தல் வேண்டும். சூழ்ந்து நிற்போர் அவள் வாயில் வைத்ததாக இருத்தலாகாது.

கணவன் மனைவியரிடையே பிளவு அஞ்சப்படின், அவன் குடும்பத்திலிருந்து ஒருவரையும் அவள் குடும்பத்திலிருந்து ஒருவரையும் நடுவராக்குமாறு திருக்குர்ஆன் (4:35) பணிக்கின்றது. இரு பக்கமும் ஒவ்வொருவர் என்னும் சமன்பாடு அங்கே கூறப்பட்டிருப்பதைச் சிந்திக்க வேண்டும். அஞ்சி நடுங்கும் ஒருவரால் சமமாக அமர்ந்து பேச இயலாது. ஆகவே பாதுகாப்பு ஆணை நல்லிணக்கத்திற்குப் பகையன்று. உண்மையான நல்லிணக்கம் பேசப்படுவதற்கு உரிய களத்தை அதுவே அமைத்துத் தருகின்றது. ஆணையின் நிழலில் பேச்சு நடக்கட்டும். பேச்சிற்கு விலையாக ஆணையைக் கேட்க வேண்டாம்.

மாணவச் செல்வங்கள் அறிந்துவைக்க வேண்டியன சில. மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் உள்ளார். 181 என்னும் எண்ணில் மகளிர் உதவி மையத்தை அழைக்கலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்களுக்கு, வருவாய் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவி உண்டு. ஆணையின் படியைக் கட்டணமின்றிப் பெறலாம். அது காவல் நிலையத்திற்கும் அனுப்பப்பட வேண்டும். ஆணையை மீறுதல் ஓராண்டுச் சிறையும் 20,000 ரூபாய் வரை தண்டமும் பெறத்தக்க குற்றம். அண்டை வீட்டில் ஒருவர் அஞ்சியிருக்கும்போது இவற்றுள் ஒன்றை அறிந்த ஒரு மாணவி, அவருக்கு மாதரியும் ஐயையும் ஆகலாம்.

முடிவுரை

அடைக்கலத்திற்குக் காலவரை உண்டோ என்பது நாம் எடுத்துக்கொண்ட வினா. உண்டு, ஆயின் அவ்வரை நாட்காட்டியில் இல்லை என்பது நாம் கண்ட விடை. கபிலர் அதனை அடுத்த கையில் கண்டார். உமறுப்புலவர் பாடிய மான் அதனைக் கன்றின் பசியில் கண்டது. திருமறை அதனை அச்சமற்ற இடத்தில் வைத்தது. நம் நாட்டுச் சட்டமும் ஒரு பகுதியில் அந்நெறியையே தழுவி நிற்கின்றது. எஞ்சிய பகுதிகளும் அதனைத் தழுவுதல் வேண்டும்.

விசாரணைக்கு விரைவும் காவலுக்கு நிலைபேறும் வாய்க்குமாயின் இரு தரப்பிற்கும் நீதி கிடைக்கும். அதுவரை, நம்மை நம்பி வாயிலில் வந்து நிற்பவர் நமக்கு அமானத். அவரை உரிய இடத்தில் சேர்க்கும் வரை நம் கை விலகாதிருப்பதாக.